பெரிய ஜெட்டிலிருந்து குதிப்பது

ஸ்கை டைவிங் மைதானங்களில் பொதுவாக நிற்பவை சின்ன விமானங்கள். நாலு பேர் முட்டி இடிக்க உட்காரும் செஸ்னா, பதினைந்து பேர் ஏறும் கேரவன், இருபது பேரைச் சுமக்கும் ட்வின் ஆட்டர். எல்லாமே புரொப்பெல்லர் சுழலும் ரகம். 10,000 அடியிலிருந்து 13,500 அடி வரை ஏறி, வேகத்தை மணிக்கு 150 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்து, பக்கக் கதவைத் திறந்தால் ஒவ்வொருவராகக் குதித்துவிடலாம். இந்த வேலைக்குப் பயணிகள் ஜெட்டைக் கொண்டுவருவது கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க சரக்கு ரயிலைக் கூப்பிடுவது மாதிரி. இருந்தாலும் கூப்பிட்டிருக்கிறார்கள். கொள்ளையர்கள் குதித்திருக்கிறார்கள், ராணுவத்தினர் குதிக்கிறார்கள், ஒரு சினிமா நடிகர் நூறு தடவைக்கு மேல் குதித்திருக்கிறார், காசு கொடுத்து ஆசைக்குக் குதித்தவர்களும் உண்டு. அவர்கள் பிழைப்பதும் பிழைக்காததும் துணிச்சலைவிட அதிகமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும், கதவு உடம்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது.

முதலில், வழக்கமாகப் பறக்கும் நிலையில் ஏன் முடியாது என்று பார்க்கலாம். பயணிகள் ஜெட் சுமார் 36,000 அடி உயரத்தில், மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். உள்ளே ஆட்கள் மூச்சு விடுவதற்காகக் காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 பவுண்டு. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு ஆள் உயரக் கதவு முழுவதற்கும் கணக்குப் போட்டால் எட்டு டன்னைத் தாண்டும். பெரும்பாலான கதவுகள் திறப்பதற்கு முதலில் கொஞ்சம் உள்பக்கமாக நகர வேண்டிய அமைப்பு கொண்டவை. எட்டு டன்னை எதிர்த்து உள்ளே இழுக்க எந்தப் பயில்வானாலும் ஆகாது. நடுவானில் யாரோ கதவைத் திறக்கப் பார்த்தார் என்ற செய்தி வரும்போதெல்லாம் விமானிகள் பதறாமல் இருப்பது இதனால்தான்.

தரைக்கு அருகில் கதை வேறு. அங்கே அழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் இறங்கிக்கொண்டிருந்த ஏசியானா ஏர்பஸ் ஏ321 விமானத்தில், தரைக்குச் சில நூறு அடி மேலே ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்தேவிட்டார். விமானம் பத்திரமாக இறங்கியது. சிலருக்கு மூச்சுத்திணறல், அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு 36,000 அடியில் கதவு திறந்துகொண்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 55 டிகிரி. ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்கும் அவகாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. காற்றின் அடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மேலே காற்று மெலிந்திருப்பது கொஞ்சம் குறைக்கும். இரண்டையும் சேர்த்தாலும், சாதாரணமாகக் குப்புற விழும் ஸ்கை டைவர் உணரும் காற்றைப் போல ஐந்தாறு மடங்கு அடி விழும். பாராசூட் அந்த வேகத்தில் விரிந்தால் துணி கிழியும், அல்லது ஆள் கிழிவார். ஆகவே ஜெட்டிலிருந்து குதிக்க வேண்டுமானால் அது கீழே இறங்க வேண்டும், கேபின் அழுத்தத்தை வெளியே விட வேண்டும், கீழே விழுந்துவிடாத அளவுக்கு மெதுவாகப் பறக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்த பிறகும் கதவு மிச்சம் இருக்கிறது. இன்றைய போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்றவற்றில் இன்ஜின்கள் இறக்கைக்கு அடியில் தொங்குகின்றன. முன்கதவில் குதித்தால் பின்னால் இறக்கையும் இன்ஜினும். பின்கதவில் குதித்தால் சில அடி தூரத்தில், ஏறத்தாழ அதே மட்டத்தில், வாலின் கிடைமட்ட இறக்கை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே 25 அன்று டவாவோவிலிருந்து மணிலாவுக்கு வந்த பிலிப்பைன் ஏர்லைன்ஸ் ஏ330 விமானத்தை ஒருவர் கடத்தி, பயணிகளிடம் பணமும் நகையும் பறித்து, விமானத்தை 6,000 அடிக்கு இறக்கச் சொல்லி, தானே தைத்த பாராசூட்டோடு பின்கதவுக்கு வந்தார். கதவு திறந்ததும் காற்றின் வேகத்தைப் பார்த்துப் பயந்து பிடித்துக்கொண்டு நின்றவரை ஒரு விமானப் பணியாளர் தள்ளிவிட்டதாகச் செய்தி. மூன்று நாள் கழித்து உடல் சேற்றில் புதைந்து கிடந்தது.

பின்னாலேயே இன்ஜின் வைத்த பழைய ஜெட்களில் நிலைமை நேர் எதிர். போயிங் 727க்கு மூன்று இன்ஜின், மூன்றும் வால்பக்கம். கிடைமட்ட வால் செங்குத்து வாலின் உச்சியில், ‘டி’ எழுத்தின் வடிவில். டிசி-9க்கு இரண்டு இன்ஜின், வால் அதே அமைப்பு. இரண்டிலும் வால்பகுதியின் வயிற்றடியில் இறக்கி ஏற்றும் படிக்கட்டு ஒன்று உண்டு. அறுபதுகளில் சின்ன ஊர் விமான நிலையங்களில் ஏணி வண்டி இல்லாவிட்டால் பயணிகள் இறங்குவதற்காக வைத்தது. அதில் இறங்கி விழுபவருக்குப் பின்னால் மோத எதுவுமே இல்லை. இன்ஜின், இறக்கை, வால் எல்லாம் தலைக்கு மேலே இருக்கும். வடிவமைத்தவர்கள் இதற்காகச் செய்யவில்லை. ஆனால் குதிப்பவனுக்கு இதைவிட வசதியான வாசலை வேண்டுமென்று உட்கார்ந்து வரைந்தாலும் கிடைக்காது.

அதை ஊருக்கே காட்டியவர் டி.பி. கூப்பர் என்று பெயர் ஒட்டிக்கொண்ட ஆள். டிக்கெட்டில் அவர் கொடுத்த பெயர் டான் கூப்பர்; செய்தியாளர் குழப்பத்தில் அது டி.பி. ஆயிற்று. 1971 நவம்பர் 24, போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்கு அரை மணி நேரப் பயணம், நார்த்வெஸ்ட் ஓரியண்ட் 727. கோட்டும் டையுமாக ஏறியவர், பெட்டியில் வெடிகுண்டு இருப்பதாகச் சொல்லி இரண்டு லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும் கேட்டார். சியாட்டிலில் அவை வந்ததும் பயணிகளை விட்டுவிட்டு, மெக்ஸிகோவை நோக்கிக் கிளம்பச் சொன்னார். அவர் போட்ட நிபந்தனைகள்தான் விசேஷம். 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது. சக்கரங்கள் இறங்கியே இருக்க வேண்டும். மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப் 15 டிகிரி. கேபினில் அழுத்தம் கூடாது. பின்படிக்கட்டை இறக்கி வைத்தபடியே கிளம்ப வேண்டும் என்றும் கேட்டார். அது ஆபத்து என்று விமானிகள் மறுத்ததும், சரி, பறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இந்த நிபந்தனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு ஜெட்டைக் குதிக்கத் தோதான விமானமாக மாற்றும் பட்டியல் கிடைக்கிறது. ஆளுக்கு 727 பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

பாராசூட் விஷயத்தில் அவ்வளவு தெளிவு இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு ரிசர்வ் (மாற்று) பாராசூட்களில் ஒன்று வகுப்பறையில் பாடம் நடத்த வைத்திருந்த, விரியாதபடி தைத்து மூடிய பொம்மை. அவசரத்தில் தவறுதலாக வந்து சேர்ந்தது. அவர் நல்ல ரிசர்வைப் பிரித்துக் கயிறுகளை அறுத்துப் பணப்பையைக் கட்டிக்கொண்டார். பொம்மையோ விமானத்தில் இல்லை. அனுபவமுள்ள டைவர் அதைக் கையில் எடுத்ததும் கண்டுபிடித்திருப்பார் என்பதுதான் புலனாய்வாளர்களின் வாதம். இருபது டாலர் நோட்டுகள் பத்தாயிரம், ஏறக்குறைய பத்து கிலோ. காலில் சாதாரண ஷூ. வெளியே இரவு, மழை, உறையும் குளிர்.

இரவு எட்டு மணி தாண்டியதும் படிக்கட்டு இறங்கியதைக் காட்டும் விளக்கு விமானி அறையில் எரிந்தது. 8:13 வாக்கில் வால்பக்கம் சட்டென்று மேலே தூக்கியது. காதில் அழுத்தம் மாறியது. ரீனோவில் படிக்கட்டு தரையில் உரசத் தரையிறங்கியபோது ஆள் இல்லை. அடுத்த ஜனவரியில் எஃப்.பி.ஐ. அதே விமானத்தை அதே நிலையில் பறக்கவிட்டு, 200 பவுண்டு எடையைப் படிக்கட்டிலிருந்து தள்ளிப் பார்த்தது. அதே துள்ளல் வந்தது. படிக்கட்டு காற்றின் அழுத்தத்தில் பாதிதான் திறந்திருக்கும். ஆள் நடந்து இறங்க இறங்கக் கீழே தாழும். அவர் விட்டதும் வில் மாதிரி மேலே அடித்து உள்ளிருக்கும் காற்றைத் தள்ளும். குதித்த நேரம் தெரிந்தது அப்படித்தான். ஆள் பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. 1980இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் 5,800 டாலர் மக்கிய நோட்டுகளைக் கண்டெடுத்தான், மீதிப் பணம் கிடைக்கவில்லை. 2016இல் எஃப்.பி.ஐ. தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது.

கூப்பர் பிழைக்காமல் போயிருந்தாலும் வழி சரியானது என்று அடுத்த வருடமே நிரூபணமாயிற்று. 1972 ஏப்ரலில் ரிச்சர்ட் மெக்காய் என்பவர் யுனைடெட் 727 ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் டாலரோடு யூட்டா மாநிலத்தின் புரோவோ அருகே குதித்தார். இவர் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், பாராசூட்டில் பழகியவர். கீறல் இல்லாமல் இறங்கினார். சில நாட்களில் பணத்தோடு பிடிபட்டார். ஜூனில் இன்னொருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 727இலிருந்து குதித்தார். காற்றின் அறையில் பணப்பை பிய்த்துக்கொண்டு போக, வெறுங்கையோடு இறங்கி அவரும் மாட்டினார். அந்த ஆண்டு இப்படிக் குதித்தவர்கள் எல்லோருமே உயிரோடு தரைக்கு வந்தார்கள், எல்லோருமே சிக்கினார்கள்.

இதற்கு விமானத் துறை கண்ட மாற்று மிக எளிமையானது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் வெளிப்புறம் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் தகடு. தரையில் நிற்கும்போது ஸ்பிரிங் அதை ஒதுக்கி வைத்திருக்கும். விமானம் பறக்கத் தொடங்கியதும் காற்று தகட்டைத் திருப்பும். அதோடு சேர்ந்த தாழ் படிக்கட்டின் விளிம்பை அடைத்துக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், விமானியும் வேண்டாம். அதற்குப் பெயரே ‘கூப்பர் வேன்’ (vane, காற்றில் திரும்பும் தகடு). கொள்ளையன் பெயரில் ஒரு பாதுகாப்புச் சாதனம் இருப்பது விமானத் துறையில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சட்டப்படி, ஆசைக்காகக் குதிக்கும் ஜெட் வெகு அபூர்வம். தொண்ணூறுகளில் இல்லினாய் மாநிலத்தின் குவின்சியில் நடந்த ஸ்கை டைவிங் திருவிழாவுக்கு 727 வந்திருக்கிறது. நிரந்தரமாக ஒன்றை வைத்திருப்பது லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தென்கிழக்கே உள்ள பெரிஸ் பள்ளத்தாக்கு டைவிங் மையம். முன்பு ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸுக்குப் பறந்த டிசி-9-21 அது. அந்த ரகத்தில் மொத்தம் பத்தே விமானங்கள்தான் செய்யப்பட்டன, பத்தும் அந்த நிறுவனத்துக்காக. சின்ன உடம்பு, பெரிய இறக்கை, வலுவான இன்ஜின். குட்டையான ஓடுபாதைகளுக்காகச் செய்த கலவை. பின்படிக்கட்டைக் கழற்றிவிட்டு அந்தத் திறப்பையே வாசலாக்கி, 2006இல் அமெரிக்க விமான ஆணையத்தின் சான்றிதழும் வாங்கினார்கள். சிறப்பு விழாக்களில் மட்டும் கிளம்பும்.

ட்வின் ஆட்டரில் கால் மணி நேரம் ஆகும் உயரத்துக்கு இது சில நிமிடங்களில் போய்விடும். முதலில் வித்தியாசமாகத் தெரிவது இந்த ஏற்றம்தான். பயணிகள் விமானத்தில் யாரும் பார்த்திராத கோணத்தில் மூக்கைத் தூக்கும். அடுத்த வித்தியாசம் வாசலில். சிறு விமானத்தில் வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கி, மூன்று நாலு பேர் கைகோத்து ஒன்றாக விடுவது வழக்கம். இங்கே பிடிக்க எதுவும் கிடையாது. வரிசையாக நடந்து போய் விமானத்தின் வயிற்றில் உள்ள ஓட்டைக்குள் இறங்க வேண்டியதுதான்.

அந்தக் கணத்தில் நடப்பது கவனிக்க வேண்டிய விஷயம். குப்புற விழும் டைவரின் உச்ச வேகம் மணிக்கு 195 கிலோமீட்டர் அளவு. சிறு விமானத்தை விடும்போது காற்று அதைவிடக் குறைவு. விழ விழக் காற்று ஏறும். ஜெட்டிலோ காற்றுவேகம் ஃபிளாப்பை விரித்தாலும் 140 நாட் அளவுக்கு, அதாவது மணிக்கு 260 கிலோமீட்டருக்கு இருக்கும். காற்றின் அடி, விழும்போது இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே முதல் விநாடியில்தான் அறை பலமாக விழும். பிறகு சில விநாடிகள் டைவர் முன்னோக்கிப் போகும் வேகத்தை இழந்துகொண்டே வளைந்து கீழே திரும்புவார், காற்றும் தணியும். சரியாகக் கட்டாத கண்ணாடி, தளர்ந்த ஷூ எல்லாம் பறந்துபோவது அந்த முதல் விநாடியில். உடம்பை வளைத்து நிலைப்படுத்தத் தெரியாதவர் உருளுவார். பாராசூட்டின் கைப்பிடியோ மடிப்போ வாசலில் உரசி வெளியே வந்தால் இன்னும் மோசம். அதனால் ஏறுவதற்கு முன் ஒருவர் முதுகை ஒருவர் சோதித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இறங்குமிடச் சிக்கலும் உண்டு. 13,500 அடியில் காற்று மெலிவு என்பதால், மானி 140 நாட் காட்டினாலும் உண்மை வேகம் அதைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். விநாடிக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர். எண்பது பேர் விநாடிக்கு ஒருவராகக் குதித்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் நீளும். மைதானம் அவ்வளவு நீளம் கிடையாது. விரைவாகக் குதித்தால் நடுவானில் மோதல் பயம். நிதானமாகக் குதித்தால் யாரோ பக்கத்து ஊரில் இறங்குவார். அதனால் இரண்டாவது சுற்று வந்து மீதிப்பேரை இறக்க வேண்டிவரும். விமானிக்கும் வேலை அதிகம்: கூட்டம் வாலுக்கு நகரும்போது எடை பின்னால் சாயும், மூக்கு தூக்கும், வேகம் குறையும். டன் கணக்கில் எடை ஒரு நிமிடத்தில் வெளியேறுவதையும் சமாளிக்க வேண்டும். எரிபொருள் செலவு தனி. இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது ஜெட்டிலிருந்து குதித்தேன் என்ற பெருமைதான். டைவுக்கு டைவு கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு ட்வின் ஆட்டரே மேல்.

ராணுவத்துக்கு இது பெருமைக்கான வேலை அல்ல. அமெரிக்க பாராசூட் வீரர்கள் குதித்த முதல் ஜெட் சி-141 ஸ்டார்லிஃப்டர், 1960களில். அதன் வாரிசான சி-17 குளோப்மாஸ்டர் 102 பேரைச் சுமக்கும். இறக்கை உடம்பின் மேலே இருப்பதால் இன்ஜின்கள் வாசலைவிட உயரத்தில். இரண்டு பக்கமும் வாசல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தடுப்புத் தகடு வெளியே நீண்டு காற்றின் முதல் அறையைத் தாங்கிக்கொள்ளும். சுமார் ஆயிரம் அடி உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். விமானத்தோடு கட்டிய பட்டை இழுத்துப் பாராசூட்டைத் தானே விரிக்கும். இவ்வளவு திட்டமிட்டும் தொடக்கத்தில் சிக்கல் வந்தது. பெரிய விமானம் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல், வரிசையில் அடுத்து வரும் விமானத்தின் வீரர்களை அலைக்கழித்தது. விமானங்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டிச் சரிசெய்தார்கள்.

இந்தியாவில் இந்த வேலையின் தலைமையிடம் ஆக்ரா. பாராசூட் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். பயிற்சிக்கு அதிகம் பறப்பது புரொப்பெல்லர் வகை ஏ.என்.-32 என்றாலும், சோவியத் யூனியனிலிருந்து வந்த நான்கு இன்ஜின் ஜெட் ஐ.எல்.-76இலிருந்தும், 2013இல் விமானப்படையில் சேர்ந்த சி-17இலிருந்தும் வீரர்கள் குதிக்கிறார்கள். ஐ.எல்.-76க்குப் பக்க வாசல்களோடு பின்னால் சரிவுக் கதவும் உண்டு. சரிவுக் கதவில் ஓடிக் குதிப்பது காற்றின் நேரடி அடிக்குத் தப்பும் வழி. உடம்பு விமானத்தின் நிழலுக்குள்ளேயே விழ ஆரம்பிக்கும்.

அதைத் திரையில் பார்த்தவர்கள் நிறைய. 2018இல் வந்த ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’ படத்தில் டாம் குரூஸ் 25,000 அடியில் சி-17இன் சரிவுக் கதவிலிருந்து குதிக்கும் காட்சி, அபுதாபி வானில் நிஜமாகவே எடுக்கப்பட்டது. அந்த உயரத்தில் ஆக்சிஜன் வேண்டும் என்பதோடு, முன்கூட்டியே சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்து ரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்றவும் வேண்டும். சூரியன் மறையும் வெளிச்சம் சில நிமிடங்களே இருக்கும் என்பதால் நாளுக்கு ஒரு முயற்சிதான். நூறு தடவைக்கு மேல் குதித்த பிறகு காட்சி முழுமையானது.

கூப்பரின் வாசலை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியதும் உண்டு. 2012 ஏப்ரலில், விபத்தின்போது பயணிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு தொலைக்காட்சிக் குழு மெக்ஸிகாலி அருகே பாலைவனத்தில் ஒரு 727ஐ வேண்டுமென்றே மோதவிட்டது. மனித ஓட்டிகள்தான் மேலே கொண்டுபோனார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பின்படிக்கட்டு வழியாகக் குதித்தார்கள், கடைசியாக விமானி. அதன்பின் பக்கத்தில் பறந்த சின்ன செஸ்னாவிலிருந்து ரேடியோ மூலம் ஓட்டி இறக்கினார்கள். முன்பகுதி பிய்ந்து தனியே போனது; பின்னால் உட்காரவைத்த பொம்மைகள் அதிகம் சேதமாகவில்லை.

இதையெல்லாம் படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்வி: பயணிகள் விமானத்தில் ஆளுக்கொரு பாராசூட் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், பலன் இருக்காது. விபத்துகளில் பெரும்பகுதி ஓடுபாதைக்கு அருகே, கிளம்பும்போதும் இறங்கும்போதும் நடக்கிறது. அங்கே பாராசூட் விரிய உயரமே இல்லை. மீதி விபத்துகளில் விமானம் நேராகவும் மெதுவாகவும் பறந்துகொண்டிருப்பதில்லை. பயிற்சி இல்லாத 180 பேர், குழந்தைகள், வயதானவர்கள் வரிசையில் நின்று பட்டை மாட்டிக் குதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த எடைக்கும் பணத்துக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் தீத்தடுப்பையும் மேம்படுத்தியது சரியான முடிவு.

வால் வாசல் கொண்ட ஜெட்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. டிசி-9 உற்பத்தி 1982இலும், 727 உற்பத்தி 1984இலும் நின்றது. 727இன் கடைசி வழக்கமான பயணிகள் சேவையை 2019 ஜனவரியில் ஈரானின் அசெமான் ஏர்லைன்ஸ் நடத்தி முடித்தது. போயிங்கும் ஏர்பஸ்ஸும் இன்று செய்யும் எந்தப் பயணிகள் விமானத்திலும் வயிற்றடிப் படிக்கட்டு கிடையாது.